நூற்றில் எத்தனை பொன்?

எகிப்தின் அமர்னாவில் 1887ஆம் ஆண்டு களிமண் பலகைகள் பல கிடைத்தன. பெரும்பாலானவை அரசர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள். அவற்றுள் ஒன்று பாபிலோனிய அரசன் பர்னபுரியாஷ், எகிப்தை ஆண்ட அக்கெனாத்தனுக்கு எழுதியது. எகிப்திலிருந்து வந்த 20 மினா பொன்னை உலையில் இட்டுப் பார்த்ததாகவும், 5 மினாகூடத் தேறவில்லை என்றும் அதில் மனக்குறை தெரிவிக்கிறான். ஒரு மினா ஏறக்குறைய அரைக் கிலோ. பத்துக் கிலோ என்று வந்த பொன்னில் இரண்டரைக் கிலோகூட மிஞ்சவில்லை. 25 சதவீதத்துக்கும் குறைவு என்று இன்றைய பள்ளி மாணவி ஒருத்தி ஒரே வரியில் எழுதிவிடுவாள். 3,300 ஆண்டுகளுக்கு முன் அதைக் கண்டறிய ஓர் உலையும், எஞ்சியதை நிறுக்க ஒரு தராசும், கைத்திறன் படைத்த கொல்லர்களும் வேண்டியிருந்தது.

கலவையில் உள்ள ஒரு பொருளின் நிறையை மொத்த நிறையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் நிறைச் சதவீதம். வேதியியல் பாடத்தில் முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும் இந்தக் கணக்கை மாணவர்கள் பெரும்பாலும் எண்களின் விளையாட்டாகவே கடந்துபோகிறார்கள். பாடநூல் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது: இத்தனை கிராம் கலவை, அதில் இத்தனை கிராம் தூய பொருள். அந்தத் "தூய" என்ற சொல்லை யார் உறுதிசெய்தார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. பொன் வணிகத்தின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விதான். வகுப்பதும் பெருக்குவதும் எல்லா நாகரிகத்துக்கும் எளிதில் கைவந்தன. நூறு என்று எதை வைப்பது என்பதில்தான் அரசர்களும் ஆசாரிகளும் அறிவியலாளர்களும் நூற்றாண்டுகளாகத் திணறினார்கள்.

உலை நகையை அழித்துவிடும். கழுத்தில் கிடக்கும் சங்கிலியை உருக்காமலே அதன் மாற்றை, அதாவது தரத்தை, பார்க்க உதவியது ஒரு கருங்கல் துண்டு. உரைகல் என்றும் கட்டளைக்கல் என்றும் சொல்வார்கள். மணி நுண்மையான, வழவழப்பான கருநிறக் கல்லில் நகையை ஓர் இழுப்பு இழுத்தால் பொன்கோடு விழும். அதன் பக்கத்திலேயே, மாற்று முன்கூட்டியே தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டின் நிறமும் ஒத்துப்போகும்வரை ஆணிகளை மாற்றி மாற்றி உரைத்துப் பார்க்க வேண்டும். இதற்கென்றே பொற்கொல்லர்கள் வைத்திருந்த ஆணிக்கொத்துக்கு மாற்றாணி என்று பெயர். ஹரியானாவின் பனவாலியில், சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த அகழாய்வில், பொன்கோடுகள் பதிந்த உரைகல் ஒன்று கிடைத்திருக்கிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலின் மாணாக்கர் தியோபிராஸ்டஸ் கற்களைப் பற்றி எழுதிய நூலில் உரைகல்லைப் பற்றி விரிவாகவே சொல்கிறார்.

தமிழுக்கு இந்தக் கல் நெருங்கிய உறவு. குறுந்தொகையில் ஒரு கருங்குயில், மாம்பூவின் தாதைக் கோதியதால் மகரந்தம் உடலில் ஒட்டி, பொன் உரைத்த கட்டளைக்கல் போலத் தோன்றுகிறது. பொற்கொல்லர் பட்டறையை அடிக்கடி பார்த்துப் பழகிய கண்ணுக்கே அந்த உவமை அகப்படும். வள்ளுவரும் மனிதரின் தரம் அறிய அவரவர் செயலையே கட்டளைக்கல்லாக்கினார். எல்லாவற்றையும்விட உறுதியான சான்று கடல் கடந்து கிடைத்தது. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குவான் லுக் பட் என்னும் பழந்துறையில், தமிழ் பிராமி எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று பொறித்த சிறிய உரைகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக எழுத்தியல் அறிஞர்கள் கணிக்கிறார்கள். பெரும்பத்தன் என்ற தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவருடைய கல் அது. இன்றும் பொன்வேலை செய்வோரைப் பத்தர் என்று அழைக்கும் ஊர்கள் தமிழகத்தில் உண்டு. கடல் வணிகம் செழித்திருந்த அந்தத் துறையில் ஒரு பத்தர் தன் கல்லில் பெயரை வெட்டி வைத்திருந்தார் என்றால், அவர் தொழிலுக்கு அது எத்தனை முதன்மையான கருவியாக இருந்திருக்க வேண்டும்!

கல் நம்பகமானதுதான், நிறம் அப்படியல்ல. பொன்னில் செம்பு கூடினால் சிவப்பேறும். வெள்ளி கூடினால் வெளிறி, பச்சைச் சாயல் தட்டும். இரண்டையும் அளவோடு சேர்த்தால் ஒன்றின் நிறத்தை மற்றொன்று மறைத்துவிடும். மாற்றுக் குறைந்த பொன்னும் மஞ்சளாகவே தெரியும். ஆகவே செம்பு கலந்த ஆணிகள், வெள்ளி கலந்த ஆணிகள், இரண்டும் கலந்தவை என்று தனித்தனி வரிசைகள் வைத்திருப்பது வழக்கமாயிற்று. ஜெர்மனியின் சுரங்க நகரங்களில் வாழ்ந்த அக்ரிகோலா என்ற மருத்துவர், 1556இல் வெளியான தம் உலோகவியல் நூலில் இந்த ஆணிகளுக்கான கலவை அளவுகளைப் பட்டியல் போட்டே கொடுத்திருக்கிறார். அமிலங்கள் கைக்கு வந்தபின் சோதனை இன்னும் கூர்மையானது. கோட்டின் மேல் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டால் செம்பும் வெள்ளியும் கரையும், பொன் கரையாது. மாற்றுக் குறைந்த கோடு மங்கும். உயர்ந்த கோடு அப்படியே நிற்கும். தேர்ந்த கண்ணும் நல்ல ஆணிகளும் சேர்ந்தால் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாட்டைப் பிடித்துவிடலாம்.

இதில் நடக்கக்கூடிய மோசடிகளை விரிவாக எழுதி வைத்தவர் கௌடில்யர். அர்த்தசாஸ்திரத்தில் பொன் அதிகாரிக்கான பகுதியில், செம்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்த 16 தரங்களைச் சொல்கிறார். பாசிப்பயறு நிறங்கொண்ட கலிங்கத்துக் கல்லை நல்ல உரைகல் என்கிறார். உரைக்கும்போது நகக்கண்ணில் ஒளித்த காவிப்பொடியைக் கோட்டின்மேல் தூவுவதையும் குற்றமாகக் குறிக்கிறார். அதிகாரி எதையெல்லாம் உற்றுப் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பட்டியல், இன்றைய ஆய்வகக் கையேடுகளில் மாதிரியை மாசுபடாமல் எடுப்பது பற்றி வரும் பகுதிக்கு முன்னோடி.

தரத்தை அளக்க எண் வந்ததும் கணக்கும் வந்தது. பாஸ்கரர் 1150ஆம் ஆண்டளவில் எழுதிய லீலாவதியில் பொன் கணக்குக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வரும் ஒரு கணக்கை இன்றைய மாணவர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். 10 மாஷம் எடையுள்ள பொன்னின் தரம் 13. 4 மாஷத்தின் தரம் 12. 2 மாஷத்தின் தரம் 11. இன்னொரு 4 மாஷத்தின் தரம் 10. நான்கையும் சேர்த்து உருக்கினால் வரும் கட்டியின் தரம் என்ன?

ஒவ்வோர் எடையையும் அதன் தரத்தால் பெருக்கினால் 130, 48, 22, 40. கூட்டினால் 240. மொத்த எடை 20 மாஷம். 240ஐ 20ஆல் வகுத்தால் தரம் 12. பாஸ்கரர் அத்தோடு விடவில்லை. இந்த 20 மாஷத்தைப் புடமிட்டுச் சுத்தம் செய்ததில் 16 மாஷமாகக் குறைந்தால் தரம் எவ்வளவு ஏறும் என்று அடுத்துக் கேட்கிறார். 240ஐ 16ஆல் வகுத்தால் 15. தரம் 16 ஆகும்வரை சுத்தம் செய்தால் எத்தனை மாஷம் மிஞ்சும்? 15 மாஷம். நெருப்பில் அழிந்தது கலப்பு மட்டுமே, பொன் ஒரு குன்றியும் குறையவில்லை என்ற நம்பிக்கையின்மேல் நிற்கும் கணக்கு இது. அந்த 240 என்ற எண் மாறாமலே இருக்கிறது. வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு மாறாது என்ற விதியை லவாய்சியர் வேதியியலின் அடித்தளமாக்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். பொன் வணிகர்கள் அந்தக் கருத்தை விதி என்று பெயரிடாமலே நெடுங்காலம் புழங்கியிருக்கிறார்கள். தமிழில் காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரத்திலும் நிலம், நெல் ஆகியவற்றோடு பொன்னுக்கும் தனிக் கணக்கு உண்டு.

இனி, நூறு எது என்ற சிக்கல். கௌடில்யரிடம் 16. ரோமானியப் பேரரசின் சாலிடஸ் பொற்காசு 24 சிறு எடைகளாகப் பகுக்கப்பட்டது. அந்தப் பகுப்பிலிருந்து வந்த காரட் கணக்கில் உச்சம் 24. தமிழகத்தில் 10 மாற்று என்றும் பத்தரை மாற்று என்றும் சொல்வார்கள். இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்குக் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும் மணிகளைத் தட்சிண மேரு விடங்கன் என்ற கல்லாலும் நிறுத்ததாகப் பதிவு செய்கின்றன. பொன்னின் மாற்றைத் தண்டவாணி என்ற தரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கமும் சோழர் கல்வெட்டுகளில் உண்டு. எடைக்கு ஒரு பொதுக்கல், தரத்துக்கு ஒரு பொதுப் பொன்: அரசாங்கம் இரண்டையும் தன் கையில் வைத்துக்கொண்டது.

அந்தப் பொதுப் பொன்னே முழுத் தூய்மை அடையாதிருந்தால்? அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல், ஆயின்-இ-அக்பரியில் இதைப் பற்றி எழுதுகிறார். பாரசீகத்தில் பொன்னின் தரம் 10 படிகளோடு நின்றுவிடுகிறது, இந்தியாவில் 12 படிகள் என்கிறார். அலாவுதீன் கில்ஜியின் தினார் 12 படித் தூய்மை உடையது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். அக்பர் காலத்துச் சோதனையில் அது 10½ என்று தெரிந்ததாம். தக்காணத்தின் பழைய ஹூண் காசு 10 என்று கருதப்பட்டது, 8½தான் தேறியது. எண் ஒன்றாக இருந்தாலும், தமிழரின் பத்தரையில் உச்சம் பத்தரையே. அபுல் ஃபசலின் பத்தரைக்கு உச்சம் 12, அதாவது 87.5 சதவீதம். அலாவுதீனின் காசு இடையில் மாறிவிடவில்லை. பொன்னைப் புடமிடும் கைகள் தேர்ச்சி பெற்று, முன்பு முழுமை என்று நினைத்ததைத் தாண்டிச் சென்றபோது பழைய காசுகளின் சதவீதம் தானாக இறங்கியது. தில்லி நாணயச் சாலையில் பணியாற்றிய தக்குர பேரு என்பவர் 1318இலேயே நாணயச் சோதனைக்கென்று திரவியப் பரீட்சை என்ற நூலை எழுதியிருந்தார். அந்த நாணயச் சாலைகளில் சோதனை ஏனோதானோவென்று நடக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த நூறு அவ்வளவுதான்.

நூற்றை நோக்கி நகர்வதற்கு வேதியியல் துணை நின்றது. ஆற்றுமணலில் அரித்தெடுக்கும் பொன்னில் எப்போதும் வெள்ளி கலந்திருக்கும். செம்பையும் ஈயத்தையும் நெருப்பு தின்றுவிடும். வெள்ளி எளிதில் விலகாது. இன்றைய துருக்கியில் உள்ள சார்டிஸ் நகரில், குரோசஸ் அரசன் காலத்துப் பொன் சுத்திகரிப்புப் பட்டறையை 1960களில் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்தார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டு. மெல்லிய பொன் தகடுகளை உப்போடும் செங்கல் தூளோடும் அடுக்கடுக்காகப் பானையில் வைத்து, பொன் உருகாத சூட்டில் நெடுநேரம் புடமிட்டிருக்கிறார்கள். உப்பிலிருந்து வெளிப்படும் குளோரின் வெள்ளியைப் பற்றி வெள்ளி குளோரைடாக மாற்றிவிடும். தகட்டில் பொன் தங்கும்; வெள்ளி பானைச் சுவரிலும் தூளிலும் ஏறும். குரோசஸ் பொன்னுக்குத் தனிக் காசும் வெள்ளிக்குத் தனிக் காசும் அடிக்க முடிந்ததற்கு இந்த உப்புதான் காரணம்.

அடுத்த பெரும்படி நைட்ரிக் அமிலம். வெள்ளியை அது கரைக்கும், பொன்னைத் தொடாது. ஆனால் 90 சதவீதப் பொன்னை அமிலத்தில் போட்டால் ஒன்றும் நடக்காது. உள்ளிருக்கும் வெள்ளி அணுக்களைப் பொன் அணுக்கள் சூழ்ந்து காத்துவிடுகின்றன. இடைக்கால ஐரோப்பிய ரசவாதிகளும் சோதனையாளர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: வெள்ளியை எடுக்க வேண்டுமானால் முதலில் வெள்ளியைச் சேர்க்க வேண்டும். ஒரு பங்கு பொன்னுக்கு மூன்று பங்கு வெள்ளி என்று உருக்கி, பொன்னைக் கால்பங்காக்கிய பின் அமிலத்தில் இட்டால் வெள்ளி முழுக்கக் கரைந்து பொன் பழுப்பு நிறச் சல்லடையாக மிஞ்சும். எடையில் 25 சதவீதம் என்பது அணுக்களின் எண்ணிக்கையில் இன்னும் குறைவு. பொன் அணுவின் நிறை 197, வெள்ளியின் நிறை 108. 25ஐ 197ஆலும் 75ஐ 108ஆலும் வகுத்து ஒப்பிட்டால் நூறு அணுவில் ஏறக்குறைய 15தான் பொன். மீதி 85 வெள்ளி அணுக்கள் ஒன்றையொன்று தொட்டபடி வழிகளாக அமைந்து அமிலத்தை உள்ளே விடுகின்றன. அணு என்ற கருத்து உறுதிப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, அணுக்கணக்கு கேட்கும் விகிதத்தைக் கைப்பழக்கம் கண்டுபிடித்துவிட்டது.

எடைச் சதவீதத்தையும் அணுச் சதவீதத்தையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இடமும் இதுவே. பொன்னும் செம்பும் கலந்த 18 காரட் மோதிரம் எடையில் 75 சதவீதம் பொன். செம்பு அணுவின் நிறை 63.5 மட்டுமே என்பதால், அணுக்களை எண்ணினால் பொன் 49 சதவீதத்தைச் சற்றே தாண்டும். முக்கால் பொன் என்று விற்கும் நகையில் பாதிக்கு மேற்பட்ட அணுக்கள் செம்பு!

நூறு எது என்ற சிக்கல் அரசு முத்திரையிலும் தொடர்ந்தது. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே வெள்ளிப் பொருள்களில் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்று சட்டம் வந்தது. நாணயங்களைச் சோதிக்கும் பிக்ஸ் விசாரணை அதற்கும் முன்பிருந்தே நடந்துவந்தது, இன்றும் நடக்கிறது. புதிதாக அடித்த காசுகளில் சிலவற்றைப் பெட்டியில் சேர்த்து வைத்து, குறித்த நாளில் பொற்கொல்லர் குழு ஒன்று உருக்கிப் பார்க்கும். ஒப்பிடுவதற்கென அரசுக் காவலில் ஒரு பொன் தகடு உண்டு. 1699இல் நாணயச் சாலையின் தலைவரான ஐசக் நியூட்டன், 1710ஆம் ஆண்டு விசாரணையில் பெரும் சங்கடத்துக்கு உள்ளானார். 1707இல் செய்த புதிய தகட்டோடு ஒப்பிட்டபோது அவர் காலத்துக் காசுகள் தரம் குறைந்தவை என்று குழு சொல்லிவிட்டது. பாதுகாப்போடும் கண்டிப்போடும் நாணயம் அடித்தவருக்கு இது மானப் பிரச்சினை. நியூட்டன் தம் காசுகளைக் காத்து வாதாடியதோடு நிற்காமல் தகட்டையே கேள்விக்கு உட்படுத்தினார். அந்தத் தகடு 22 காரட்டுக்குச் சற்று மேலான தூய்மையில் செய்யப்பட்டது, பிழை அளவுகோலில் இருக்கிறது என்று நிறுவ முயன்றார். ஈர்ப்பு விசையைக் கணக்கிட்ட மனிதர் சதவீதக் கணக்கின் பகுதியில் கைவைக்காமல் முழுமையில் கைவைத்த அந்த வாதம், அளவியல் வரலாற்றில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியது.

வெள்ளிக்கும் அதே கதி நேர்ந்தது. நாணயச் சாலைகளில் வெள்ளியை ஈயத்தோடு சேர்த்து எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் உருக்குவார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, செம்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். தூய வெள்ளி மணியாக மேலே நிற்கும். பாரிஸ் நாணயச் சாலையில் சோதனைப் பொறுப்பேற்ற கே-லுசாக், இந்த முறையில் வெள்ளியும் சிறிது ஆவியாகி, சிறிது கிண்ணத்துக்குள் இறங்கிவிடுகிறது என்று காட்டினார். அதனால் காசு உள்ளதைவிட ஆயிரத்தில் சில பங்கு தரம் குறைந்ததாகத் தெரிந்துவந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அங்கே காரட்டை விட்டு ஆயிரத்தில் இவ்வளவு என்று தரத்தைச் சொல்லத் தொடங்கியிருந்ததால், அந்தச் சிறு வேறுபாடும் பெரிதாகவே தெரிந்தது.

கே-லுசாக் 1832இல் வெளியிட்ட புதிய முறை நெருப்பையே ஒதுக்கிவிட்டது. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அளவு தெரிந்த உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் வெண்மையான வெள்ளி குளோரைடு படியும். எந்தச் சொட்டுக்குப் பின் படிவு உண்டாகவில்லையோ அத்தோடு வெள்ளி தீர்ந்தது. அவர் தம் உப்புநீரை 100 மில்லிலிட்டர் சரியாக 1 கிராம் வெள்ளிக்கு ஈடாகுமாறு அமைத்தார். இன்றைய அணு நிறைகளைக் கொண்டு அதைச் சரிபார்க்கலாம். சோடியம் குளோரைடின் நிறை 58.44, வெள்ளியின் நிறை 107.87. 58.44ஐ 107.87ஆல் வகுத்தால் 0.5418. ஆகவே 100 மில்லிலிட்டரில் 0.54 கிராம் உப்பு போதும். பள்ளி ஆய்வகத்தில் இன்றும் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் செய்யும் தரம்பார்த்தல், காசின் மாற்றைப் பார்ப்பதற்காக நாணயச் சாலையில் தேர்ச்சி பெற்ற கலை. படிந்த வெள்ளி குளோரைடை உலர்த்தி நிறுத்தாலும் விடை வரும். அதன் எடையில் 75.3 சதவீதம் வெள்ளி. அமெரிக்க வேதியியலாளர் தியோடர் ரிச்சர்ட்ஸ் இதே படிவை மிகுந்த பொறுமையோடு நிறுத்து நிறுத்து அணு நிறைகளைத் திருத்தியமைத்தார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் பொன்னை எடைபோடும் சவரன், இங்கிலாந்தின் பொற்காசு வழியாக வந்தது. 1817இல் வெளிவந்த சாவரின் காசின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். 22ஐ 24ஆல் வகுத்தால் 91.67 சதவீதம், தூய பொன் 7.322 கிராம். முதல் உலகப் போர்க் காலத்தில், 1918இல், பம்பாயிலும் இந்தக் காசை அடித்தார்கள். நம்மூர்ச் சவரன் 8 கிராமாக முழுமை பெற்றது. 22 காரட் மட்டும் அப்படியே நகைக்கு வாய்த்தது.

இங்கே ஒரு கணக்கில் பலரும் வழுக்குவார்கள். 8 கிராம் தூய தங்கத்தை 22 காரட்டாக்க எவ்வளவு செம்பு சேர்க்க வேண்டும்? கலப்பு 8.33 சதவீதம்தானே என்று 8 கிராமில் 8.33 சதவீதம் எடுத்தால் 0.667 கிராம் வரும். அது தவறு. 8.33 சதவீதம் என்பது முடிந்த கட்டியில். கையில் இருக்கும் தங்கத்தில் அல்ல. 22 பங்கு தங்கத்துக்கு 2 பங்கு செம்பு, அதாவது 11க்கு 1. 8ஐ 11ஆல் வகுத்தால் 0.727 கிராம். கட்டியின் எடை 8.727 கிராம். எழுத்தறியாத ஆசாரிகள்கூட 11க்கு 1 என்ற இந்தப் பங்கைப் பிழையின்றிக் கையாண்டார்கள். சதவீதம் வாய்பாடாக வந்தபின் முழுமை எது என்று மறந்துபோவது எளிதாகிவிட்டது.

விடுதலை பெற்ற இந்தியாவில் ஒரு சதவீதம் பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பை அணைத்தது. சீனப் போரை அடுத்து, அந்நியச் செலாவணி நெருக்கடியில், 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. 14ஐ 24ஆல் வகுத்தால் 58.33 சதவீதம். மீதி 41.67 சதவீதம் கலப்பு. செம்பும் வெள்ளியும் அவ்வளவு சேர்ந்தால் தங்கம் கடினப்படும். கம்பி இழுக்கவும் தகடு தட்டவும் பழகிய கைகளுக்கு வளைந்து கொடுக்காது. வியர்வை பட்டு நிறம் மங்கும். தாலிக்கும் தோட்டுக்கும் 22 காரட்டே பழகிய மக்கள் வாங்கவில்லை. பரம்பரையாகத் தொழில் செய்த பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள். பலர் தற்கொலை செய்துகொண்ட துயரம் நாடாளுமன்றத்தில் எதிரொலித்தது. 1966இல் 14 காரட் வரம்பு நீங்கியது. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990வரை நீடித்தது. உலோகத்தின் இயல்பையும் தொழிலாளியின் கையையும் கேளாமல் காகிதத்தில் குறித்த ஓர் எண் எவ்வளவு கொடியதாக மாறும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மாற்றுக் குறைவதற்கு எப்போதும் வஞ்சகம்தான் காரணம் என்று ஆசாரிகளைக் குறைகூறுவதும் நியாயமல்ல. சங்கிலியின் கண்ணிகளை ஒட்ட வைக்கும் பொடி, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். அதற்காக அதில் வெள்ளியும் செம்பும் அதிகம் சேர்ப்பார்கள். 9 கிராம் 22 காரட் தங்கத்தோடு, 60 சதவீதத் தரமுள்ள பொடி 1 கிராம் சேர்ந்த சங்கிலியை உருக்கினால் என்ன தரம் தேறும்? பாஸ்கரரின் வழியிலேயே போகலாம். 9ஐ 91.67ஆல் பெருக்க 825. அதோடு 60 சேர்த்து 885. 10ஆல் வகுக்க 88.5 சதவீதம், 21¼ காரட்டுக்கும் சற்றுக் குறைவு. இந்தக் குறையைத் தீர்க்க காட்மியம் கலந்த ஒட்டுப்பொருள் வந்தது, அதுதான் கே.டி.எம். நகை. 92 பங்கு தங்கத்தில் 8 பங்கு காட்மியம் சேர்த்தாலே உருகுநிலை போதிய அளவு இறங்கிவிடும் என்பதால் நகையின் மாற்றுக் கெடாது. ஆனால் காட்மியம் 767 டிகிரி செல்சியசில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நஞ்சு. வாங்குபவருக்குக் கிடைத்த மூன்று சதவீதத் தூய்மைக்குப் பட்டறையில் ஊதுகுழலோடு குனிந்திருந்தவர் தம் உடம்பைக் கொடுத்தார்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரையை 2000இல் தொடங்கியது. 2021 ஜூன் முதல் அது 256 மாவட்டங்களில் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல், ஒவ்வொரு நகைக்கும் தனித்த ஆறிலக்கக் குறியீடு இல்லாமல் விற்க முடியாது. 22கே916 என்ற முத்திரையில் உள்ள 916 என்பது ஆயிரத்தில் 916 பங்கு. சோதனை மையத்தில் முதலில் எக்ஸ் கதிர்க் கருவி நகையின் மேற்பரப்பைப் படிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எடையையும் நீரில் மூழ்கும்போது குறையும் எடையையும் கொண்டு அடர்த்தி பார்க்கும் ஆர்க்கிமிடீஸ் வழியும் டங்ஸ்டனிடம் ஏமாறும். பொன்னின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுக்கும் ஏறக்குறைய அதுவே. தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் நெருப்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

நகைத் தொகுதியிலிருந்து சுரண்டிய கால் கிராம் அளவுத் துணுக்கை மில்லிகிராமுக்கும் நுண்ணிய தராசில் நிறுப்பார்கள். அதோடு ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெள்ளியைச் சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, கிண்ணத்தில் வைத்து உலைக்குள் தள்ளுவார்கள். ஈயமும் செம்பும் கிண்ணத்துக்குள் போய்விடும். மிஞ்சிய மணியைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்து வெள்ளியைக் கரைப்பார்கள். கழுவிச் சூடாக்கினால் பழுப்புச் சுருள் மஞ்சளாகும். அதே உலையில், அதே வேளையில், தூய தங்கத்தின் துணுக்கு ஒன்றும் இதே பாடுகளைப் பட்டு வெளிவரும். அது 250 மில்லிகிராமாக உள்ளே போய் 250.2 ஆக வந்தால், சிறிது வெள்ளி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நகைத் துணுக்கின் விடையிலிருந்து அந்த 0.2ஐக் கழிப்பார்கள். நகைத் துணுக்கு 250 மில்லிகிராமாகப் போய் 229.4 ஆக வந்திருந்தால், கழித்தபின் 229.2. 250ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் 916.8. முத்திரை விழும்.